நங்கூரத்தின் பிடி எடையில் இல்லை

காவேரிப்பாக்கம் போன்ற ஏரிகளில் ஓடும் சிறு மீன்பிடிப் படகுக்குக் கயிற்றில் கட்டிய கருங்கல்லே போதும் என்று தோன்றும். காற்றில்லாத நேரத்தில் அது போதும்தான். ஆனால் கருங்கல் நீருக்குள் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழக்கிறது. இரும்பு இழப்பது சுமார் எட்டில் ஒரு பங்கு. அதைவிட முக்கியம், காற்று வலுத்தால் கல் தரையில் உருளும், நங்கூரமோ தரையைக் கவ்வும். வண்டலுக்கும் மணலுக்கும் அகன்ற தகடுள்ள நங்கூரம் ஏற்றது. பாறைக்கு நான்கு கொக்கியுள்ள நங்கூரம் ஏற்றது.

நல்ல நங்கூரமும் கயிறு குட்டையாக இருந்தால் பெயர்ந்துவிடும், ஏனெனில் மேல்நோக்கிய இழுவை அதைக் கிளப்பும். ஆகவே ஆழத்தைப்போல் 5 முதல் 7 மடங்கு கயிறு விடுங்கள்; 3 மீட்டர் ஆழத்துக்கு 15 முதல் 21 மீட்டர். நீளக் கயிறு படகை அதிகம் அலையவிடும் என்பது உண்மையே. இடம் குறுகலானால் கயிற்றைச் சற்றுக் குறைத்து, நங்கூரத்தை ஒட்டி 2 மீட்டர் இரும்புச் சங்கிலி சேருங்கள். அதன் கனம் இழுவையைத் தாழ்த்தும். கயிறு நைலானாக இருந்தால் நீண்டு கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கும். படகின் முன்முனையில் மட்டுமே கட்டுங்கள். பின்புறம் கட்டினால் அலை உள்ளே ஏறிப் படகு மூழ்கக்கூடும். அவசரத்தில் கயிற்றை அறுக்க, கைக்கெட்டும் இடத்தில் ஒரு கத்தி வையுங்கள்.