லாரி ஓட்டினால் கை நிறையக் காசா?

நம்ம நாமக்கல்லில் லாரி பார்க்காமல் வளர்ந்தவர் யாரும் இல்லை. "படிச்சு என்னடா, ஹெவி லைசென்ஸ் எடுத்தா போதும்" என்று வகுப்பிலேயே சிலர் சொல்றாங்க. (அதற்கும் 20 வயது ஆகணும்!) கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

டெல்லி இங்கிருந்து சுமார் 2,400 கி.மீ. போய்வர 15 நாள், டிரைவருக்கு ரூ.18,000 என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1,200. நல்ல கூலிதான்! சாப்பாடு, டீ, குளியல் என்று 400 போனால் மீதி 800.

ஆனால் ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் 5 நாள் நின்றுவிட்டால்? டிரிப் கணக்குச் சம்பளம் கூடாது. 18,000-ஐ 20 ஆல் வகுத்தால் 900. செலவு போக 500தான்! ராத்திரி டீசலுக்கும் தார்ப்பாய்க்கும் காவல் இருப்பது எந்தக் கணக்கிலும் வராது. கிளீனர் இல்லாவிட்டால் டயர் கழற்றுவதும் அவரே.

இப்போது புதிதாகத் தயாராகும் பெரிய லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். நல்ல விஷயம். பழைய வண்டிக்கு அது இல்லை. மே மாதம் நாக்பூர் வெயிலோடு எஞ்சின் சூடும் சேரும்.

அப்பாவோ மாமாவோ டிரைவராக இருந்தால், இந்தத் தடவை வரும்போது "எத்தனை நாள் ஓட்டினீங்க, எத்தனை நாள் லோடுக்கு நின்னீங்க?"ன்னு கேட்டு நோட்டில் வகுத்துப் பாருங்கள்.