கணப்பு மரமும் விண்வெளித் தூசும்

குயீன் இசைக்குழு என்றதும் பலர் நினைவுக்கு வருபவர் அதன் பாடகர் பிரெடி மெர்க்குரி. இந்தியப் பார்சி மரபினரான அவர் மகாராட்டிரத்தின் பாஞ்ச்கனியில் பயின்றவர். அவர் அருகில் நின்று முதன்மைக் கிட்டார் இசைத்தவர் பிரையன் மே. இங்கிலாந்தில் 1947இல் பிறந்தவர்.

பள்ளிப் பருவத்தில் மின்கிட்டார் வாங்க அவரிடம் பணமில்லை. மின்னணுவியல் அறிந்த தந்தை ஹரால்டுடன் சேர்ந்து 1963இல் தாமே ஒன்றைச் செய்யத் தொடங்கினார். பழைய கணப்பின் மேற்சட்டம் கிட்டாரின் கழுத்தாயிற்று. அதிலிருந்த புழு அரித்த துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தனர். பழைய மோட்டார் சைக்கிளின் சுருள்வில்கள் தந்திகளின் இழுவிசையைச் சமன்செய்தன. தாயாரின் சிப்பிப் பொத்தான்கள் விரல் வைக்கும் இடங்களைக் காட்டும் புள்ளிகளாயின. ஈராண்டு உழைப்பில் உருவான அக்கருவியையே அவர் வாழ்நாள் முழுதும் மேடையேற்றி வருகிறார்.

பின்னர் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்று, கதிரவனைச் சுற்றியுள்ள நுண்தூசின் இயக்கத்தை முனைவர் பட்டத்திற்காக ஆராய்ந்தார். 1970இல் குயீன் தோன்றியது. 1974இல், ஆய்வு முடியும் தறுவாயில், அதனை நிறுத்திவிட்டு இசையைத் தேர்ந்தார். தம் கையால் செய்த கருவியே மகனைப் படிப்பிலிருந்து அழைத்துச் சென்றதைத் தந்தையால் எளிதில் ஏற்க இயலவில்லை. நியூயார்க்கில் மகனின் நிகழ்ச்சியை நேரில் கண்ட பின்னரே அவர் மனம் இளகியது.

1977இல் வெளிவந்த 'வீ வில் ராக் யூ' பாடலை இயற்றியவர் மே. அதில் நாம் கேட்பது முரசொலியன்று. சிலர் பலகைமீது காலால் மிதித்தும் கைதட்டியும் எழுப்பிய ஒலி. அதன் படிகளை வெவ்வேறு காலத் தாழ்வுடன் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அத்தாழ்வுகளைப் பகா எண்களைக் கொண்டு அமைத்தமையால், அது எதிரொலியாக ஒலிக்காமல் பெருங்கூட்டத்தின் ஒலியாகவே கேட்கிறது. ஆய்வகத்தை விட்டவர் இயற்பியலை விடவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

முப்பது ஆண்டுகளுக்கு மேலான பின் பழைய ஆய்வை மீண்டும் கையிலெடுத்தார். இடைக்காலத்தில் அப்பொருளை ஆராய்ந்தோர் சிலரே. ஆதலால் அவருடைய பழைய அளவீடுகள் பயனற்றுப் போகவில்லை. எனினும் புதியன அனைத்தையும் கற்று, ஆய்வேட்டைத் திருத்தி எழுதவேண்டியிருந்தது. 2007இல், அறுபதாம் வயதில், அவ்வாய்வேடு ஏற்கப்பட்டது. அதனைக் காண ஹரால்டு உயிருடன் இல்லை.

அருஞ்சொற்பொருள்: கணப்பு – குளிர்காயத் தீ மூட்டும் இடம், தறுவாய் – வேளை, காலத் தாழ்வு – பிந்தி வருதல்.

வினாக்கள்
1. கிட்டார் செய்யப் பயன்பட்ட பழம்பொருள்கள் யாவை?
2. மகனின் முடிவு தந்தையை வருத்தியது ஏன்? அவ்வருத்தம் முறையானதா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.