உறையும் உலோகத்தின் உள்ளமைப்பு

நுழையும்முன்
ஓர் உலோகக்கலவையின் வலிமை, அதில் கலந்துள்ள தனிமங்களால் மட்டும் அமைவதில்லை. உருகிய நிலையிலிருந்து அது எவ்வளவு விரைவாக உறைந்தது என்பதும் அதன் இயல்பை வரையறுக்கிறது. ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் நிகழும் அம்மாற்றத்தை விளக்குகிறது இப்பாடம்.

படிகமணிகள்
துத்தநாக முலாம் பூசிய இரும்பு வாளியை உற்று நோக்கினால், அதன் மேற்பரப்பில் பூவிதழ் போன்ற வடிவங்கள் மின்னுவதைக் காணலாம். அவை எவரும் வரைந்தவை அல்ல; உருகிய துத்தநாகம் உறைந்தபோது உருவான படிகங்களின் தடங்கள். பெரும்பாலான உலோகங்களில் இவ்வமைப்பு நுண்ணோக்கி வழியாகவே புலப்படும். இத்தகைய ஒவ்வொரு படிகத்தையும் 'படிகமணி' என்றும், இரு மணிகள் சந்திக்கும் இடத்தை 'மணியெல்லை' என்றும் கூறலாம்.

கருவும் வளர்ச்சியும்
உருகிய உலோகம் குளிரும்போது, ஆங்காங்கே சில அணுக்கள் ஒழுங்காக அணிவகுத்துப் படிகக்கருக்களாகின்றன. கருக்களைச் சுற்றி மேலும் அணுக்கள் சேர, அவை வளர்ந்து ஒன்றையொன்று முட்டி நிற்கின்றன. மெதுவாகக் குளிர்ந்தால் கருக்கள் சிலவே தோன்றும், மணிகள் பெரியனவாகும். விரைந்து குளிர்ந்தால் கருக்கள் பல்கும், மணிகள் சிறுக்கும்.

மணி சிறுத்தால் வலிமை கூடும் என்பதை 1951இல் ஹாலும் 1953இல் பெட்ச்சும் எடுத்துக்காட்டினர். விசைக்கு உட்படும் உலோகத்தில் அணுவரிசைகளின் பிறழ்வுகள் நகர்வதாலேயே அது வளைகிறது. மணியெல்லைகள் அந்நகர்வைத் தடுக்கும் அணைகளாகின்றன. மணிகள் சிறுக்கச் சிறுக்க அணைகள் மிகுகின்றன.

மணியே இல்லாத உலோகம்
குளிர்தலின் வேகத்தை மேலும் கூட்டினால் என்ன ஆகும்? கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் போல் டுவெஸ் குழுவினர், பொன்னும் சிலிக்கனும் சேர்ந்த கலவையை நொடிக்குப் பத்து இலட்சம் பாகை என்னும் அளவில் குளிர்வித்து, 1960இல் அதன் முடிவை வெளியிட்டனர். அணுக்கள் அணிவகுக்க நேரமின்றி, நீர்ம நிலையின் ஒழுங்கின்மையோடே உறைந்துவிட்டன. 'உலோகக் கண்ணாடி' இவ்வாறு பிறந்தது.

தெரிந்து தெளிவோம்
சுழலும் செம்பு உருளையின்மீது உருகிய இரும்பு–போரான்–சிலிக்கன் கலவையைப் பாய்ச்சி, தலைமுடியைவிட மெல்லிய உலோகக் கண்ணாடி நாடாக்களை உருவாக்குகின்றனர். இவற்றாலான உள்ளகம் கொண்ட மின்மாற்றிகளில் ஆற்றல் இழப்பு குறைகிறது.

விரைவு தந்த சிக்கல்
விரைந்து உறைதல் எப்போதும் நன்மையே தரும் எனக் கருதலாகாது. முப்பரிமாண அச்சிடலில் லேசர் கதிர், உலோகத்தூளைச் சிறு குட்டையாக உருக்கிச் செல்கிறது. குட்டையின் வெப்பம் கீழுள்ள திண்ம அடுக்கின் வழியே வெளியேறுவதால், புதிய கருக்கள் தோன்றுவதற்கு முன்பே, கீழுள்ள மணிகள் தூண்களைப்போல மேல்நோக்கி நீள்கின்றன. தூண்களுக்கு இடையே எஞ்சிய நீர்மம் உறைந்து சுருங்கும்போது விரிசல் விழுகிறது. வானூர்திகளில் பயன்படும் 7075 என்னும் வலிய அலுமினியக் கலவையை அச்சிட இயலாமைக்கு இதுவே காரணமாயிற்று. விரிசலுற்ற உறுப்பை நம்பி எவரும் பறக்க இயலாது அன்றோ?

2017இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் இதற்குத் தீர்வு கண்டனர். அலுமினியத்தூளின்மீது சிர்கோனியம் நுண்துகள்களைப் படியச் செய்தனர். அவை உருகிய உலோகத்தில் எண்ணற்ற கருக்கள் தோன்ற வழிவகுத்தன. தூண்களுக்கு மாறாக, எல்லாத் திசையிலும் ஒத்த அளவுள்ள நுண்மணிகள் உருவாயின, விரிசல்கள் மறைந்தன. வேகத்தைக் குறைக்காமலே, கருக்களைப் பெருக்கி அவர்கள் வென்றனர்.

கற்பவை கற்றபின்
1. விரைந்து குளிரும் உலோகத்தில் மணிகள் சிறுப்பதன் காரணத்தை விளக்குக.
2. 'விரைவு எப்போதும் நன்மை தராது' – பாடப்பகுதிவழி நிறுவுக.
3. படிகமணி, மணியெல்லை போன்று அறிவியல் கருத்துகளுக்கு ஏற்ற கலைச்சொற்கள் ஐந்தைத் தொகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.