இருநூறு ரூபாய்ப் பட்டியல்

எங்கள் பள்ளி ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஒன்று முதல் எட்டு வரை 84 பிள்ளைகள், 61 குடும்பங்கள். என்னையும் சேர்த்து ஐந்து ஆசிரியர்கள். நான் கணிதப் பட்டதாரி ஆசிரியர். தலைமையாசிரியர் ஓய்வு பெற்றபின் அந்தப் பொறுப்பும் என்னிடம் வந்தது. 2024-25ஆம் கல்வியாண்டில் நான் செய்த ஒரு தவறையும், அதைச் சரிசெய்யப் போய்க் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். சிறிய பள்ளிகளை நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு இதில் பாதியாவது தெரிந்த கதையாக இருக்கும்.

அந்த ஆண்டின் நிலைமை நமக்குத் தெரியும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் அந்த ஆண்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் விடுவிக்கப்படவில்லை. ஊதியம் முதலியவற்றை மாநில அரசு தன் நிதியிலிருந்து சமாளித்தது. வழக்கு 2025இல் உச்சநீதிமன்றம் வரை சென்றது. இவ்வளவு பெரிய தொகைகளைச் செய்தித்தாளில் படிக்கும்போது நம் பள்ளிக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாகத் தோன்றாது. துடைப்பம் தேய்ந்து, பினாயில் தீர்ந்து, அடுத்ததை வாங்கப் பணம் எங்கே என்று தேடும்போதுதான் தெரியும்.

31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். அதில் 10 விழுக்காடு தூய்மைப் பணிக்கு. மற்றதில் சுண்ணக்கட்டி, பதிவேடு, மின்விசிறிப் பழுது, குழாய்ப் பழுது எல்லாம் அடங்க வேண்டும். எங்களுக்கு அந்த ஆண்டு அது தாமதமானது. ஆகஸ்டில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோனது.

மோட்டார் நின்றதும் தெரு அடிபம்பிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்தோம். குடிக்கவும் சத்துணவுக்கும் அது போதும், கழிப்பறைக்குப் போதாது. இரண்டு வாரம் கழித்து வருகைப் பதிவேட்டைப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஏழு, எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகளில் நான்கைந்து பேர் பிற்பகல் வருகையில் இல்லை. மதியம் வீட்டுக்குப் போகிறவர்கள் திரும்பி வரவில்லை. காரணத்தை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் குடும்பத்துக்கு 200 ரூபாய் என்று நான்தான் முன்மொழிந்தேன். குழுத் தலைவர் வீட்டிலேயே தையல் வேலை செய்யும் ஒரு தாய். "டீச்சர், குடுக்கறவங்க குடுக்கட்டும். பட்டியல் மட்டும் வேணாமே" என்றார். வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று நான் விளக்கம் சொன்னேன். 61 பெயர்களை எழுதி, கொடுத்தவர்களுக்கு நேராகக் குறியிட்டுத் தகவல் பலகையில் ஒட்டினேன். கணக்கு ஆசிரியர் புத்தி அப்படித்தான் போகும்.

23 குடும்பங்கள் கொடுத்தன. 4,600 ரூபாய் சேர்ந்தது. அடுத்த கூட்டத்துக்கு வந்தவர்கள் ஆறு பேர்.

அதே வாரம் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் நான்கு நாள் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்து வீட்டுக்குப் போனேன். பையன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான், நன்றாகத்தான் இருந்தான். அவன் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அந்தக் கூலியும் சில வாரங்களாக வரவில்லை. பிள்ளைகள் பலகையைப் பார்த்து, "உங்க வீட்டுல டிக் இல்ல" என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மா என்னை உட்காரச் சொல்லிவிட்டு நின்றுகொண்டே பேசினார்: "குடுக்காம எப்படி டீச்சர் அனுப்பறது? கூலி வந்ததும் குடுத்துட்டு அனுப்பலாம்னு இருந்தேன்."

அரசுப் பள்ளிக்குக் கட்டணம் கட்டாததால் ஒரு பிள்ளை நின்றிருக்கிறது. அந்தக் கட்டணத்தை விதித்தவள் நான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 3ஆம் பிரிவை எத்தனை பயிற்சி வகுப்புகளில் படித்திருக்கிறோம்! தொடக்கக் கல்வியைத் தொடரத் தடையாகும் எந்தக் கட்டணத்தையும் செலவையும் எந்தப் பிள்ளை மீதும் சுமத்தக் கூடாது என்பது அது. 'நன்கொடை' என்று பெயர் வைத்துவிட்டால் அது கட்டணம் ஆகாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பட்டியல் போட்டு ஒட்டியபின் அதற்கு என்ன பெயர் வைத்தால் என்ன?

மறுநாள் காலையில் பட்டியலைக் கிழித்தேன். 23 உறைகளில் பணத்தைப் போட்டு வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தோம். ஒரு பாட்டி மட்டும் வாங்கவே மாட்டேன் என்றார். "குடுத்தத திருப்பி வாங்கற பழக்கம் இல்ல டீச்சரம்மா" என்று கோபித்துக்கொண்டார். கெஞ்சித்தான் வாங்க வைத்தோம். மறுநாள் இரண்டு முருங்கைப் போத்துகளைத் தூக்கிக்கொண்டு வந்து தண்ணீர்த் தொட்டி ஓரமாக நட்டுவிட்டுப் போனார்.

பணத்தைத் திருப்பியாகிவிட்டது, மோட்டார் ஓடவில்லை. அப்போது ஏழாம் வகுப்பில் விழுக்காடு நடத்திக்கொண்டிருந்தேன். பாடநூலில் உள்ள இலாப நட்டக் கணக்குகளுக்குப் பதிலாகப் பள்ளியின் முந்தைய ஆண்டுச் செலவைக் கரும்பலகையில் எழுதினேன்.

சுண்ணக்கட்டி, பதிவேடு, தாள் 6,200. துப்புரவுப் பொருட்கள் 3,100. பழுதுகள் 9,800. தொட்டி, குழாய் 2,600. நூலகமும் கற்றல் பொருட்களும் 2,100. விழா நாட்கள் 1,200. மொத்தம் 25,000.

முதலில் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு என்று கேட்டேன். 84ஆல் வகுத்து 297 ரூபாய் 62 காசு என்றார்கள். 210 வேலை நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 1 ரூபாய் 42 காசு. "டீ பன்னெண்டு ரூபா டீச்சர்" என்றான் ஒருவன். மானிய விதியைச் சொன்னதும் ஒரு மாணவி இன்னொன்றைக் கண்டுபிடித்தாள்: இன்னும் 17 பேர் சேர்ந்தால் நாம் 101, மானியம் இரட்டிப்பாகும், தலைக்கு 495 ரூபாய். "100 பேர் இருந்தா 250தான், ஒரே ஒருத்தர் சேர்ந்தா 495ஆ?" என்று வகுப்பே வியந்தது. அன்று அரை மணி நேரம் அதிலேயே போனது. பாடத்திட்டத்தில் இல்லை என்று நான் வருந்தவில்லை.

பிறகு பழுதுச் செலவைப் பிரிக்கச் சொன்னேன். ரசீதுகளைக் குழுக்களுக்குக் கொடுத்தேன். 9,800இல் மோட்டாருக்கு மட்டும் மூன்று முறை காயில் கட்டியது, முறைக்கு 2,100 வீதம் 6,300. மொத்த மானியத்தில் 25.2 விழுக்காடு. "கால்வாசிப் பணம் மோட்டாருக்கே போவுது டீச்சர்!" அந்த ரசீதுகள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள்தான். ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர் எங்களில் எவரும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு அழைக்க நானும் குழுத் தலைவரும் தெருத் தெருவாகப் போனோம். "காசு கேக்கறதுக்கு இல்ல, கணக்குக் காட்டறதுக்கு" என்று அவர் ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். 34 பேர் வந்தார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே பலகையில் எழுதி விளக்கினார்கள். மோட்டார் வரிக்கு வந்ததும், பின்னால் நின்றிருந்த ஒரு தந்தை, "வருஷத்துல மூணு தரமா?" என்று முன்னால் வந்தார். பக்கத்து ஊர்களில் போர் மோட்டார் இறக்கி ஏற்றும் வேலை செய்கிறவர். அவர் மகள் எங்களிடம் மூன்று ஆண்டாகப் படிக்கிறாள். அவர் என்ன வேலை செய்கிறார் என்று சேர்க்கைப் பதிவேட்டில் 'கூலி' என்று எழுதியிருக்கிறோம்.

"காயில் கட்டறது வீண் டீச்சர். போர்ல தண்ணி கீழ எறங்கியிருக்கும். மோட்டாரு காத்த இழுக்குது, சூடாகி எரியுது. ரெண்டு லென்த் பைப்பு சேர்த்து எறக்கணும். தண்ணி இல்லன்னா தானா நிக்கற மாதிரி ஸ்டார்டர்ல ஒண்ணு மாட்டணும்."

ஞாயிற்றுக்கிழமை இன்னும் மூன்று பேருடன் வந்து செய்தார். குழாயும் ஸ்டார்டர் பாகமும் அவரிடம் இருந்த பழையவை. காயில் கட்டச் செப்புக் கம்பிக்கு ஆன 1,100 ரூபாயை ஆசிரியர்கள் போட்டோம். மானியத்தில் ஒரு பகுதி வந்ததும் தீர்மானம் எழுதி, ரசீது வைத்து எடுத்துக்கொண்டோம். (நாம் கைக்காசு போட்டால் அதையும் கணக்கில் எழுத வேண்டும் என்பது என் கருத்து. எழுதாமல் போடுவது பெருந்தன்மை போலத் தெரியும். ஆனால் பள்ளி நடத்த உண்மையில் எவ்வளவு ஆகிறது என்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.) அதன்பின் அந்தக் கல்வியாண்டு முடியும்வரை மோட்டார் எரியவில்லை. பெண் பிள்ளைகளின் பிற்பகல் வருகை செப்டம்பர் இறுதியில் பழையபடி ஆனது.

எல்லாம் இப்படி நல்லபடியாகவே நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கூட்டத்தின் உற்சாகத்தில் யாரால் எந்த வேலை முடியும் என்று எழுதத் தொடங்கினோம். கொத்தனார் ஒருவர் உடைந்த படியைக் கட்டுவதாகச் சொன்னார். இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்த ஒரு தாய் புதன்கிழமை கடைசிப் பாடவேளையில் கதை சொல்ல வருவதாகச் சொன்னார். அடுத்து வளாகத் தூய்மை. அந்தச் சொல் வந்ததும் கூட்டத்தின் கண்கள் ஒரே பக்கம் திரும்பின. காலனியிலிருந்து வந்திருந்த தாய்மார்கள் உட்கார்ந்திருந்த பக்கம். ஒருவர், "நாங்க செய்யறோம் டீச்சர்" என்று சொல்லவும் செய்தார். யாரும் மறுக்கவில்லை.

நான் அந்த வரியை அடித்தேன். தூய்மைப் பணி பெற்றோரின் பங்களிப்பில் சேராது, அது சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை, தூய்மைப் பணியாளரின் ஊதியம் தவறாமல் வரக் கேட்டு எழுதுவோம் என்று சொன்னேன். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "கோயிலுக்கு நாம செய்யறதில்லையா?" என்று ஒருவர் கேட்டார். யார் செய்கிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போதும் யோசிக்கிறேன். பணமாகக் கேட்டால் ஏழை ஒதுங்குகிறார்; உழைப்பாகக் கேட்டால் ஊர் தன் பழைய வழக்கப்படி வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள், நலிந்த பிரிவினருக்கு உரிய இடம் என்று சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்வதை நாம் எண்ணிக்கையாக மட்டும் நிரப்பிவிடக் கூடாது.

அதே பிரிவு குழுவுக்குக் கொடுத்துள்ள வேலைகளில் ஒன்று, மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது. நிதி திரட்டுவதுதான் குழுவின் முதல் வேலை என்பது போல நாம் நடந்துகொள்கிறோம். 1950களின் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த காலம். ஊரார் நிலமும் பலகையும் கடிகாரமும் மணியும் கொடுத்தது உண்மை. அந்த ஆண்டுகளில் அரசு ஊர் ஊராகப் புதிய பள்ளி திறந்துகொண்டும் ஆசிரியரை நியமித்துக்கொண்டும் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு முதலில் ஊரார் கொடையை நம்பித்தான் நடந்தது. பிறகு அரசு தோள் கொடுத்தது. 1982இல் சத்துணவாக விரிந்தது. 2022இல் காலை உணவும் வந்தது. அது இன்றும் ஊரார் கையிலேயே விடப்பட்டிருந்தால், விளைச்சல் பொய்த்த ஆண்டில் பிள்ளைகள் என்ன சாப்பிட்டிருப்பார்கள்?

அதனால் எங்கள் குழுப் பதிவேட்டில் இப்போது நடுவே ஒரு கோடு போட்டிருக்கிறோம். இடப்பக்கம் எங்களால் முடிந்தவை; வலப்பக்கம் அரசிடம் கேட்க வேண்டியவை. படி, கதைநேரம், முருங்கை, மோட்டார் பராமரிப்பு இடப்பக்கம். நிரப்பப்படாத அறிவியல் ஆசிரியர் பணியிடம், பின்பக்கச் சுற்றுச்சுவர், தூய்மைப் பணியாளர் ஊதியம் வலப்பக்கம். வலப்பக்கத்தில் உள்ள எதையும் பெற்றோர் தலையில் கட்டுவதில்லை என்று தீர்மானம் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டோம். சுற்றுச்சுவருக்கான தீர்மானத்தைக் குழுத் தலைவரே அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து நின்று படித்தார். கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. படிகள் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஊராட்சிக்கும் போயின. முன்னாள் மாணவர்களுக்காக 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' தளத்தில் நூலக அலமாரிகளுக்கு விண்ணப்பம் வைத்தோம். அது மெதுவாக நகர்கிறது.

பணியிடம் இன்னும் நிரம்பவில்லை. எட்டாம் வகுப்பு அறிவியலை நானே நடத்துகிறேன். சுவருக்கு அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். சனவரி 26 கிராம சபையில் இரண்டாம் முறை படித்தோம். மே 1இல் படிக்கும்போது அந்த ஐந்தாம் வகுப்புப் பையனின் அம்மா, "இந்தத் தரம் நான் படிக்கறேன் டீச்சர்" என்று வாங்கிக்கொண்டார். எழுத்துக்கூட்டித்தான் படித்தார். முடிக்கும்வரை சபை காத்திருந்தது.