கொள்ளைநோய்க் காலத்தில் கூலித் தொழிலாளர் குடியிருப்பின் உடல்நலத் தேவைகளை அறியும் முறை

நாற்று நடவும் களையெடுப்பும் அறுவடையும் காலத்தில் நடைபெற வேண்டுமானால் கூலித் தொழிலாளர்கள் நலமாக இருக்க வேண்டும் என்பதை உழவர்கள் நன்கு அறிவர். ஆனால் அவர்கள் குடியிருப்பில் யாருக்கு என்ன உடற்குறை, எந்த மருந்து தேவை என்று கேட்டால் நம்மில் பலருக்கு விடை தெரியாது. 2020ஆம் ஆண்டுக் கொரோனாத் தொற்று இந்தக் குறையை வெளிச்சமாக்கியது.

அவ்வாண்டு மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. உழவுப் பணிகளுக்கு மார்ச் 27ஆம் நாள் விலக்கு அளிக்கப்பட்டது. ஏப்ரல் இறுதியில் சென்னைக் கோயம்பேடு சந்தையில் நோய் பரவியது. மே 5ஆம் நாள் சந்தை மூடப்பட்டது. அங்கு மூட்டை சுமந்தவர்களும் கடைகளில் வேலை செய்தவர்களும் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலுள்ள தங்கள் ஊர்களுக்குத் திரும்பினர். நாம் விளைவித்த காய்கறி சென்ற வழியிலேயே நோயும் சிற்றூருக்கு வந்து சேர்ந்தது.

அவ்வாண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் தமிழகமெங்கும் சுமார் 26 ஆயிரம் பேரின் இரத்தம் சோதிக்கப்பட்டது. நோய் வந்து போனதன் அடையாளம் நகர்ப்புறத்தில் நூற்றுக்கு 37 பேரிடமும், ஊர்ப்புறத்தில் நூற்றுக்கு 27 பேரிடமும் காணப்பட்டது. பெரம்பலூர் மாவட்டத்தில் ஏறத்தாழப் பாதிப்பேர். இதன்படி நவம்பர் முடிவுக்குள் மாநிலத்தில் 2 கோடிக்கு மேற்பட்டோருக்கு நோய் கண்டிருக்க வேண்டும். பரிசோதனையில் உறுதியானோரோ 8 லட்சத்திற்கும் குறைவு. ஆகவே, ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வந்தவர்களை மட்டும் எண்ணிக்கொண்டு ஊரின் நிலையை மதிப்பிட முடியாது.

எஞ்சியவர்களில் பலர் நோய் வந்ததையே உணர்ந்திருக்க மாட்டார்கள். உணர்ந்தும் சொல்லாமல் இருந்தவர்களும் உண்டு. காய்ச்சல் என்று சொன்னால் பதினான்கு நாள் கூலி போகும். சென்னையில் நோயாளிகளின் வீட்டு வாசலில் தகரம் அடித்த செய்தி எல்லா ஊர்களுக்கும் எட்டியிருந்தது. "காய்ச்சல் உண்டா?" என்று வாசலில் நின்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அதைப் பொய் என்று கோபித்துப் பயனில்லை.

ஒரு மீனவர் ஊரிலிருந்து தெரிவது

சென்னையில் அடையாறு முகத்துவாரத்தை ஒட்டியுள்ள ஊரூர் ஒல்காட் குப்பம் உழவூர் அன்று. கடல் தொழில் செய்வோர் ஊர். ஆயினும் வயல் கூலிகளின் வாழ்க்கையோடு அதற்குள்ள ஒற்றுமை அதிகம். மாதச் சம்பளம் இல்லை. கிடைத்த மீனை விற்று, செலவு போக, படகுக்கும் வலைக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிப்பது கடற்கரை வழக்கம். கடலுக்குப் போகாத நாளில் பங்கு இல்லை. மீனைக் கூடையில் சுமந்து விற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஊரடங்கு தொடங்கியபின் கடல் மீன்பிடிப்புக்கு மத்திய அரசின் விலக்கு வந்தது ஏப்ரல் 10ஆம் நாள்தான்.

இத்தகைய ஊரில் ஒரே அறையுள்ள வீட்டில் ஐந்தாறு பேர் இருக்கும்போது "தனித்திருங்கள்" என்று சொன்னால் எங்கே போவது? நமது ஊர்க் காலனிகளிலும் இதே கேள்விதான். எனவே, நோயாளி எத்தனை பேர் என்பதைவிட, நோய் வந்தால் அந்த வீட்டில் எது முதலில் அறுந்து போகும் என்பதை அறிய வேண்டும்.

கேட்கும் நேரமும் முக்கியம். கடலோர ஊரில் விடியற்காலையில் சென்றால் வீட்டில் ஆள் இருக்காது, பிற்பகலே ஏற்றது. நடவு நாட்களில் வயற்கூலிப் பெண்கள் மாலையில்தான் வீட்டில் இருப்பர்.

யார் கேட்பது, எதைக் கேட்பது?

நிலத்துக்காரர் நேரில் போய்க் கேட்கக் கூடாது. நாளை வேலைக்குக் கூப்பிட வேண்டியவரிடம் யாரும் உடற்குறையைச் சொல்வதில்லை. மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த அதே தெருப் பெண் ஒருவரும், கிராம சுகாதார செவிலியரும் சேர்ந்து செல்வது நல்லது. உழவர் செய்ய வேண்டியது வேறு: காய்ச்சலில் நிற்பவரை வேலையிலிருந்து நீக்குவதில்லை என்றும், குணமானதும் அவருக்கே முதலில் வேலை என்றும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இயன்றவர்கள் அந்நாட்களுக்கு அரைக் கூலியாவது தரலாம். இந்த உறுதி இல்லாமல் எடுக்கும் கணக்கு காகிதத்திற்குத்தான் உதவும்.

வீட்டுக்கு ஒரு பக்கமாக நோட்டில் எழுதிக்கொள்ளலாம். இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர் யார், கையிருப்பு எத்தனை நாளைக்கு என்பதை முதலில் எழுதவும். 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இம்மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன. பெயர் விடுபட்டவர்களைச் சேர்த்துவிடலாம். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், தனியே வாழும் முதியோர் ஆகியோரையும் குறிக்கவும். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் உள்ளவரைத் தவறாமல் கேட்க வேண்டும். கொரோனாப் பரபரப்பில் காசநோய் மறைந்துபோனது. இந்தியாவில் பதிவான காசநோயாளிகள் 2019இல் சுமார் 24 லட்சம். 2020இல் 18 லட்சம். நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பதுதான் குறைந்தது.

காய்ச்சல் எல்லாம் கொள்ளைநோயும் அன்று. சேற்றில் நிற்பவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம்; புதரிலும் வரப்பிலும் வேலை செய்பவருக்கு உண்ணிக் காய்ச்சல் வரலாம். இவற்றிற்கு வேறு மருந்து உண்டு. தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. பூச்சிமருந்து தெளித்த அன்று தலைசுற்றலும் வாந்தியும் கண்டால் அதையும் தனியே குறிக்கவும்.

தண்ணீர் எவ்வளவு தொலைவில், கழிப்பறை சொந்தமா பொதுவா, ரேஷன் அட்டை உண்டா என்பனவும் உடல்நலக் கேள்விகளே. டெல்டாவில் நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து குழுக்கள் வருகின்றன. மோட்டார் கொட்டகையில் தங்கும் இவர்கள் எந்தத் தெருக் கணக்கிலும் வருவதில்லை. இவர்களை அழைத்துவந்த உழவரே, மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு, நோட்டில் சேர்க்க வேண்டும்.

ஊருக்கு ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கி வைத்தல் நன்று. கொரோனா போன்ற நோயில் அது 94க்குக் கீழே காட்டினால் காத்திராமல் 108க்குச் சொல்ல வேண்டும். தனித்திருக்க இடமில்லாத வீடுகளைக் கூட்டி, பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ எத்தனை பேருக்குத் தேவைப்படும் என்று ஊராட்சிக்கு இப்போதே தெரிவிக்கலாம்.

நடவுக்கு முன் ஒருமுறையும் அறுவடைக்கு முன் ஒருமுறையும் நோட்டைத் திருத்தவும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குத் தேவைகளின் எண்ணிக்கையை எழுதிக் கொடுத்தால் போதும். பெயர்கள் உள்ள நோட்டு செவிலியரிடம் மட்டும் இருக்கட்டும்.