அலாய் வீல் மாத்தப் போறீங்களா? முதல்ல பிரேக்கைப் பாருங்க!

ஆயக்குடியிலிருந்து பழனி வந்து, மலைப்பாதை வழியா கொடைக்கானல் போய் வருபவரா நீங்கள்? கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திரும்பி இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக்குக்குத்தான் வேலை. அதனால் காருக்கு அழகான வீல் வாங்கும் முன் இதைப் படியுங்கள்.

பிரச்சினை எங்கே வருகிறது?

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்தான் காலிப்பர். இது வீலுக்கு உள்ளேயே இருக்கிறது. வெளியில் வாங்கும் வீலின் விட்டம் சிறியதாக இருந்தாலோ, ஸ்போக் உள்பக்கமாக வளைந்திருந்தாலோ காலிப்பரில் உரசும். சில நேரம் வீல் சுற்றவே சுற்றாது. டயர் கடையில் வீலின் உட்புறம் ஒட்டும் பேலன்சிங் எடைகூட உரசலாம்.

பலரும் கவனிக்காத விஷயம்

பெரும்பாலான கார்களில் இருப்பது நகரும் வகைக் காலிப்பர். பேட் தேயத் தேய அது வண்டியின் உள்பக்கமாக நகரும். புது பேட் போட்டதும் மறுபடி ஸ்போக் பக்கம் வந்துவிடும். ஆகவே தேய்ந்த பேடோடு சரியாகப் பொருந்திய வீல், புது பேட் மாற்றியபின் உரசக்கூடும். பேட் மாற்றும்போதெல்லாம் இடைவெளியைப் பாருங்கள்.

எப்படிச் சோதிப்பது?

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கியும் ஸ்டாண்டும் வைத்து மெக்கானிக் முன்னிலையில் செய்யுங்கள்.
2. குழந்தைகள் விளையாடும் களிமண்ணைக் காலிப்பர் மேல் ஒட்டுங்கள்.
3. வீலை மாட்டி, நட்டுகளை இறுக்கி, கையால் ஒரு சுற்று சுற்றுங்கள்.
4. கழற்றி, களிமண் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். குறைந்தது 3 மி.மீ. வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

இதையெல்லாம் செய்யாதீங்க

- வீல் பொருந்தணும்னு காலிப்பரை ராவுவது, கிரைண்டர் வைப்பது.
- சின்ன டிஸ்க், சின்ன காலிப்பர் மாட்டுவது. பிரேக் பிடிக்கும் திறன் குறையும். இறக்கத்தில் சீக்கிரம் சூடாகும்.
- தடிமனான ஸ்பேசர் வைப்பது. நட்டு பிடிக்கும் மரை குறையும். பேரிங்குக்கும் சுமை கூடும்.

வீலுக்காகப் பிரேக்கை மாற்றாதீர்கள். பிரேக்குக்கு ஏற்ற வீலை வாங்குங்கள். பிரேக் தேய்ந்து மாற்ற வேண்டியிருந்தால், கையேட்டில் சொன்ன உதிரிபாகத்தையே இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். வண்டியை எடுக்கும் முன் பெடலைச் சில முறை அழுத்திப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. மீறினால் பிரிவு 182ஏ-இன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள்: கையேட்டில் உள்ள வீல் அளவு, ஐ.எஸ்.ஐ. முத்திரை, பில். சந்தேகம் இருந்தால் காசு கொடுப்பதற்கு முன்பே உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். மலையில் இறங்கும்போது சின்ன கியரில் வாருங்கள். பிரேக்கில் கால் வைத்தபடியே வராதீர்கள்.