காலையில் வள்ளிமலை, மாலையில் திருத்தணி: ஊர் ரோட்டில் ஒரு நாள் பயணத்துக்குத் திட்டம் போடுவது எப்படி?

 

திருத்தணிக்குப் பக்கத்தில் இருக்கிற நம்மில் பல பேருக்கு ஒரு குறை உண்டு. தணிகை மலைக்கு எத்தனை தடவை போனோம் என்று கணக்கே இருக்காது. ஆனால் வள்ளி பிறந்த வள்ளிமலைக்கு ஒரு தடவைகூட போயிருக்க மாட்டோம். என் அம்மாவும் அப்படித்தான். பொதட்டூர்பேட்டைதான் எங்க ஊர். ஆடிக் கிருத்திகை தவறாமல் திருத்தணி படி ஏறினவங்க, வள்ளிமலையைப் பார்த்ததே இல்லை. "முட்டி சுத்தமா போறதுக்குள்ள ஒரு தடவை கூட்டிட்டுப் போப்பா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாங்க.

முதல் தடவை போனது சொதப்பல். இரண்டாவது தடவை முருகன் அருளால் நல்ல தரிசனம். இரண்டுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். பெரியவங்களோட போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் ஏன் இந்த இரண்டு மலையும் ஒரே நாளில் என்று சொல்லிவிடுகிறேன். வேடர் தலைவன் நம்பிராஜன் வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் குழந்தையாகக் கிடைத்தவள் வள்ளி. தினைப்புனம் காத்தது, கிழவர் வேஷத்தில் முருகன் வந்தது, அண்ணனை யானையாக வரவழைத்தது எல்லாம் வள்ளிமலையில் நடந்ததாக ஐதீகம். அப்புறம் கோபம் தணிந்து வள்ளியோடு வந்து அமர்ந்த இடம் திருத்தணி. அதனால் காலையில் வள்ளிமலை, மாலையில் திருத்தணி என்று போனால் கதை நடந்த வரிசையிலேயே நாமும் போகிறோம். மாற்றிப் போகவும் செய்யலாம், ஆனால் அதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கு. அதைப் பிறகு சொல்றேன்.

இப்ப முதல் தடவை நடந்த கதை. கார்த்திகை மாசம். மழை விட்டு ரெண்டு நாள் ஆகி, வானம் பளிச்சென்று இருந்தது. மேப்பில் வள்ளிமலை என்று போட்டேன். ஆர்.கே.பேட்டை, சோளிங்கர் வழி ஒன்று காட்டியது. பள்ளிப்பட்டு பக்கம் போய் ஆந்திராவில் பாலசமுத்திரம் வழியாகப் பொன்னை போகிற குறுக்கு வழி ஒன்றும் காட்டியது. குறுக்கு வழி சில நிமிஷம் கம்மி. தூரம் கம்மியா இருக்கே, அவசரம் என்ன என்று எட்டரை மணிக்குத்தான் கிளம்பினோம்.

ஒரு தரைப்பாலத்துக்கு முன்னாடி வண்டி நின்றது. மேலே தண்ணி ஓடிக்கிட்டிருந்தது. மாடு ஓட்டிட்டு வந்த பெரியவர் தெலுங்கில் "நீள்ளு வஸ்துன்னாயி" என்று கையைக் காட்டினார். நான் முழிச்சதைப் பார்த்து, "அந்தாண்ட போவாத தம்பி, டேம் தொறந்துக்கீறாங்கோ" என்று தமிழிலும் சொன்னார். திரும்பலாம் என்றால் ரோடு ஒரு வண்டி அகலம்தான். அரை கிலோமீட்டர் ரிவர்ஸிலேயே வந்து, ஆர்.கே.பேட்டை வழியாகச் சுத்தி, வள்ளிமலை அடிவாரம் சேரும்போது பதினொன்றரை தாண்டிவிட்டது.

வள்ளிமலையில் நானூற்றுச் சொச்சம் படி. கல் படி. வெறும் காலில் அம்மா பாதிகூட ஏறலை, ஒரு மண்டபத்தில் உட்கார்ந்துட்டாங்க. மேலிருந்து இறங்கி வந்தவங்க "நடை சாத்தப் போறாங்க, சீக்கிரம் போங்க" என்றார்கள். அம்மா கோபுரம் இருக்கிற திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "இங்கேர்ந்தே கும்பிட்டுக்கறேன், போலாம்பா" என்றாங்க. வருஷக்கணக்கில் கேட்டுக்கிட்டிருந்தவங்களை அரை மலையிலிருந்து இறக்கிக் கூட்டி வந்தேன். இதில் கோயில் மேலயோ ரோடு மேலயோ தப்பு சொல்ல ஒண்ணும் இல்லை. நான் தூரத்தை மட்டும் பார்த்துத் திட்டம் போட்டேன், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து யோசிச்சப்போதான் புரிஞ்சது. ஆபீஸில் ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால், முடிக்க வேண்டிய தேதியிலிருந்து பின்னாடி எண்ணிக்கிட்டே வருவோம். கோயில் பயணத்துக்கு மட்டும் கிளம்புகிற நேரத்திலிருந்து முன்னாடி எண்ணுகிறோம். இதைத் தலைகீழாக மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும்.

நம்மால் மாற்ற முடியாத விஷயங்கள் எவை என்று முதலில் பாருங்க. மலைக்கோயில் நடை சாத்தும் நேரம் ஒன்று. படி சுடுகிற நேரம் இன்னொன்று. கூட வருகிறவர்களில் மெதுவாக ஏறுகிறவரின் வேகம் மூன்றாவது. இருட்டு விழும் நேரமும் இருக்கு. நடை நேரத்தை நெட்டில் பார்த்து நம்பாதீங்க. விசேஷ நாளில் மாறும். முந்தின நாள் போனில் கேட்டுக்கோங்க, இல்லைன்னா அந்த ஊரில் தெரிஞ்சவங்களிடம் கேளுங்க.

எங்க கணக்கு இப்படி. பத்து மணிக்குள் அம்மா மேலே சன்னதியில் இருக்கணும். அவங்க உட்கார்ந்து உட்கார்ந்து ஏற ஒன்றரை மணி நேரம். அப்போ எட்டரைக்குள் முதல் படியில் கால் வைக்கணும். அதற்கு முன்னாடி வண்டி நிறுத்த, காலைக்கடன், பூ, தேங்காய் வாங்க அரை மணி. எட்டு மணிக்கு அடிவாரம். பொதட்டூர்பேட்டையிலிருந்து ஆர்.கே.பேட்டை, சோளிங்கர், பொன்னை வழியாக வள்ளிமலை சுமார் 55 கி.மீ. மேப் சொல்லும் நேரத்தை விட்டுடுங்க. நம்ம பக்கத்துச் சின்ன ரோட்டில் மணிக்கு 30 கி.மீ. என்று போட்டால்தான் சரியாக வரும். ஊருக்கு ஊர் வேகத்தடை, ஆட்டு மந்தை, எதிரில் பஸ் வந்தால் மண்ணில் இறங்கி நிற்பது எல்லாம் இதில் அடங்கும். அப்படிப் பார்த்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சோளிங்கரில் டீ குடிக்க இருபது நிமிஷம். ஆக, ஐந்தே முக்காலுக்கு வண்டி கிளம்பணும். முதல் தடவை கிளம்பினது எட்டரை! வித்தியாசம் எங்கே என்று பாருங்க.

அடுத்து ஆறு. இதுதான் நம்ம எல்லைப் பக்கத்துக்கே உரிய விஷயம், வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. நம்ம ஊரில் மழை பெய்யணும் என்று அவசியமில்லை. ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறந்தால் பள்ளிப்பட்டு பக்கம் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வரும். நெடியம், சாமந்தவாடா பக்கத்துத் தரைப்பாலங்கள் முழுகும். அதே மாதிரி சித்தூர் பக்கம் கலவகுண்டா அணை திறந்தால் பொன்னை ஆற்றில் தண்ணி வரும். 2021 நவம்பரில் இரண்டு ஆறும் எப்படி ஓடினது என்று நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு நினைவிருக்கும். மேப்பில் தரைப்பாலமும் மேம்பாலமும் ஒரே கோடுதான். அதனால் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை குறுக்கு வழியே வேண்டாம், பஸ் போகிற ரோட்டிலேயே போங்க. முந்தின நாள் செய்தியில் அணை திறப்பு இருக்கா என்று ஒரு பார்வை பாருங்க. வழியில் சந்தேகம் வந்தால் பால் சொசைட்டி வாசலில் நிற்கிறவரையோ பஸ் டிரைவரையோ கேளுங்க. அன்று காலை அந்த வழியாக வந்தவர் சொல்வதுதான் சரியான தகவல். தண்ணி முழங்கால் அளவுதானே என்று இறங்கவே கூடாது. அடியில் ரோடு இருக்கா, அரிச்சுட்டுப் போயிருக்கா என்று மேலிருந்து தெரியாது.

குறுக்கு வழியில் இன்னொரு சிக்கலும் இருக்கு. நம்ம பக்கம் மாநில எல்லை நேர்க்கோடாகப் போகாது. 1953-இல் ஆந்திரா பிரிந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போய், ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் நடந்து, 1960 ஏப்ரல் 1-இல்தான் நமக்குத் திரும்பக் கிடைத்தது. ஊர் ஊராகப் பிரித்த கோடு என்பதால் பத்து நிமிஷத்துக்குள் ஆந்திராவுக்குள் போய் வெளியே வந்துவிடுவோம், தெரியவே தெரியாது. சொந்தக் கார் என்றால் கவலையில்லை. வேன் வாடகைக்கு எடுத்தால் ஆந்திராவுக்குள் போக பர்மிட் இருக்கா என்று டிரைவரிடம் முன்னாடியே கேளுங்க. நடு வழியில் நிற்க வேண்டாம்.

இரண்டாவது தடவை தை மாசம் போனோம். ஐந்தே முக்கால் என்று சொல்லி ஆறு மணிக்குத்தான் கிளம்பினோம். (வீட்டில் எல்லோரும் கிளம்புவது என்றால் இந்தக் கால் மணி நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கோங்க.) ஊரில் அப்பவே தறிச் சத்தம் ஆரம்பிச்சாச்சு. ஆர்.கே.பேட்டை வரை பனி. சோளிங்கர் வந்ததும் யோக நரசிம்மர் மலை தெரியும். 1,305 படி, 2024-லிருந்து ரோப் காரும் வந்தாச்சு, அதுவும் ஏறிட்டுப் போலாமே என்று வண்டியில் யாராவது சொல்வாங்க. வேண்டாம். சோளிங்கருக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்க. ஒரு நாளைக்கு ஒரு மலை ஏற்றம், அதுக்கு மேல் பெரியவங்க கால் தாங்காது.

வள்ளிமலை அடிவாரத்தில் தேங்காய், பழத்தைப் பிளாஸ்டிக் கவரில் தொங்க விட்டுக்கிட்டு ஏறாதீங்க. குரங்குகள் கவரைப் பார்த்தாலே வந்துவிடும், வயசானவங்க பயத்தில் படியில் தடுமாறிடுவாங்க. துணிப்பைக்குள் போட்டு இளையவங்க யாராவது எடுத்துக்கணும். அம்மா இந்தத் தடவை ஒவ்வொரு மண்டபத்திலும் உட்கார்ந்து, தண்ணி குடிச்சு, யாரும் அவசரப்படுத்தாமல் ஏறினாங்க. போன தடவை உட்கார்ந்த மண்டபம் வந்ததும், "இங்கதானே?" என்று மட்டும் கேட்டுட்டு, அங்கே உட்காராமல் மேலே போய்ட்டாங்க. நாங்க சன்னதிக்குப் போகும்போது மணி பத்து ஆக அஞ்சு நிமிஷம். பாறையைக் குடைந்த கோயில். கூட்டம் இல்லை. வள்ளியம்மையை நின்று நிதானமாகப் பார்த்தோம். அம்மா வெளியே வர மனசில்லாமல் இருந்தாங்க.

மலையில் பார்க்க இன்னும் இருக்கு. திருப்புகழை ஊர் ஊராகப் பரப்பிய வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் வாழ்ந்து 1950-இல் சமாதி ஆன இடம் இது. டிசம்பர் 31 ராத்திரி திருத்தணியில் நாம் படிக்குப் படி பாடிக்கொண்டு ஏறுகிறோமே, அந்தப் படி விழாவை ஆரம்பித்து வைத்தவர் அவர்தான். மலையில் சமணர் சிற்பங்களும், கங்க மன்னன் ராஜமல்லன் பெயர் வரும் கன்னடக் கல்வெட்டும் இருக்கு, ஒன்பதாம் நூற்றாண்டு. பக்கத்திலேயே மேல்பாடி. ராஜராஜ சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்காகக் கட்டிய பள்ளிப்படைக் கோயில் அங்கே இருக்கு. இறங்கி வர பதினொன்றரை ஆகிவிட்டதால் நாங்க மேல்பாடியில் வெளியில் நின்றுதான் பார்த்தோம். அரை மணி நேரம் முன்னாடி கிளம்பினால் அதையும் சேர்த்துக்கலாம்.

மதியம் சோளிங்கரில் சாப்பாடு, அம்மாவுக்கு ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுக்க இடம். இதை நேரம் வீண் என்று வெட்டாதீங்க, மாலை தரிசனம் இந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் இருக்கு. பிறகு நேராகத் திருத்தணி. இங்கேதான் நான் முதலில் சொன்ன நடைமுறை விஷயம். திருத்தணியில் 365 படி இருந்தாலும் மேலே வரை வண்டி போகும். வள்ளிமலையில் படி ஏறித்தான் ஆகணும். தெம்பு இருக்கும்போது வள்ளிமலை, தெம்பு தீர்ந்தபின் திருத்தணி. அதோடு, தெரியாத ரோட்டையெல்லாம் பகலிலேயே முடித்துவிடுகிறோம். இருட்டில் மிச்சம் இருப்பது திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை வரை நமக்குப் பழகின ரோடு மட்டும். அதிலும் தை, மாசியில் கரும்பு டிராக்டர் கவனம். பின்னாடி லைட் இல்லாமல், ரோடு அகலத்துக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போவாங்க. முன்னாடி ஏதோ கருப்பாகத் தெரிஞ்சால் முந்தப் பார்க்காதீங்க, பின்னாடியே போங்க.

மொத்தம் சுமார் 130 கி.மீ. கிருத்திகை, சஷ்டி, வருஷக் கடைசி நாளில் இந்தப் பயணத்தை வைக்காதீங்க, திருத்தணியில் மலைக்கு மேல் வண்டி போகவே பல மணி நேரம் ஆகிவிடும். மாசியில் வள்ளிமலைத் தேர், அப்போது அங்கே கூட்டம். சாதாரண செவ்வாய்க்கிழமைகூட திருத்தணியில் கூட்டம்தான். நாங்க போனது ஒரு புதன்கிழமை, லீவு போட்டு.

திருத்தணியில் தரிசனம் முடிந்து, கோயில் யானை வாகனத்துக்கு முன்னாடி அம்மா கொஞ்ச நேரம் நின்னாங்க. "காலைல பொண்ணு வீடு, சாயந்திரம் மாப்பிள்ளை வீடு" என்று சிரிச்சாங்க. எட்டேகாலுக்கு வீடு வந்து சேர்ந்தோம். வண்டி நின்றது தெரியாமல் பின் சீட்டில் தூங்கிக்கிட்டிருந்தாங்க, மடியில் வள்ளிமலை விபூதிப் பொட்டலத்தோட.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!